தரவகழ்வும் விஞ்ஞானக் கண்டுபிடிப்பும்: வன்னிச் சிறுநீரக நோயை முன்வைத்து ஒரு விமர்சன நோக்கு

1

விஞ்ஞானக் கண்டுபிடிப்பு என்பது மேதையொருவரின் உள்ளத்திலே திடீரெனத் தோன்றும் ஒளி என்னும் கருத்து நெடுங்காலம் நிலவி வந்தது. அண்மைக் காலத்தில் அதன் இடத்தை வேறொரு கருத்துப் பிடித்துள்ளது. போதிய தரவுகளைத் திரட்டிக் கணினியிடம் ஒப்படைத்தால் உண்மை தானாகவே வெளிப்பட்டுவிடும் என்பதே அது. முன்னைய கருத்துத் தனிமனிதரை வழிபட்டது; பின்னையது பொறியை வழிபடுகின்றது. ஆயினும், அறிவு எவருடைய உழைப்பினால், எத்தகைய சமூக நிலைமைகளில், எவருடைய தேவைக்காக உருவாகின்றது என்னும் வினாவை மறைத்துவிடுவதில் இரண்டும் ஒன்றே.

இயந்திரக் கற்றல் எனப்படுவது, விதிகளை மனிதர் முற்கூட்டியே எழுதிக் கொடுக்காமல், பல உதாரணங்களிலிருந்து கணினியே ஒரு விதியை அமைத்துக்கொள்ளும் முறையாகும். தரவகழ்வு எனப்படுவது, பெருந்தொகையான பதிவுகளிலே கண்ணுக்குப் புலப்படாது கிடக்கும் ஒழுங்குகளைத் தேடியெடுக்கும் முயற்சியாகும். இரண்டிற்கும் மூலப்பொருள் அட்டவணையே. அதன் ஒவ்வொரு நிரையும் ஒரு மனிதரையோ பொருளையோ குறிக்கும்; ஒவ்வொரு நிரலும் அவரைப்பற்றிக் கேட்கப்பட்ட ஒரு வினாவைக் குறிக்கும். இவ்வெளிய செய்தியை மனங்கொள்ளுதல் பின்வரும் விவாதத்திற்கு இன்றியமையாதது.

இம்முறைகள் விஞ்ஞானத்திற்கு ஆற்றக்கூடிய பணியை மதிப்பிட நமக்கு அருகிலேயே ஓர் உரைகல் உண்டு. வவுனியா நகருக்கு வடக்கே, கண்டி - யாழ்ப்பாண வீதியில் அமைந்துள்ள ஓமந்தை, குளத்தையும் கிணற்றையும் நெல்வயலையும் நம்பி வாழும் உலர்வலயக் கமக்காரரின் பிரதேசம். அதே வீதியில் வவுனியாவைக் கடந்து தெற்கே சென்றால் மதவாச்சி வரும். 1990கள் முதலாக, காரணம் துலங்காத நாட்பட்ட சிறுநீரக நோய் பெருமளவிற் கண்டறியப்பட்ட வடமத்திய மாகாண ஊர்களுள் மதவாச்சியும் பதவியாவும் குறிப்பிடத்தக்கவை. வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களும் பின்னர் இந்நோய் அறிக்கையிடப்பட்ட பிரதேசங்களுட் சேர்ந்தன. நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இல்லாத, வயலில் உழைத்து வாழும் மக்களின் சிறுநீரகங்களை இந்நோய் ஆண்டுக்கணக்கில் அரித்து வருகின்றது. மூன்று தசாப்தங்களாகியும் காரணம் ஐயத்திற்கிடமின்றி நிறுவப்படவில்லை. கண்டுபிடிப்பு என்பது இங்கே புகழுக்குரிய விடயமன்று, உயிருக்குரிய விடயம்.

2

பொறி கண்டுபிடித்தவை எனப் போற்றப்படுவனவற்றை முதலில் நோக்குதல் தகும். 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பற் லாங்லி, ஹேர்பேட் சைமன் முதலியோர் ‘பேக்கன்’ எனப் பெயரிடப்பட்ட கணினி முறைகளை உருவாக்கினர். கோள்களின் தூரங்களையும் அவை சூரியனைச் சுற்றிவர எடுக்கும் காலங்களையும் கொடுத்தபோது, 1619இல் கெப்ளர் வெளியிட்ட மூன்றாம் விதியை அது மீட்டுக் கண்டது. இது வியப்புக்குரியதே. ஆனால் அப்பொறிக்குக் கிடைத்த அட்டவணையிலே தூரம், காலம் என்னும் இரண்டு நிரல்களும் ஏற்கெனவே இருந்தன. எண்ணற்ற வானியற் செய்திகளிலிருந்து அவ்விரண்டையும் பிரித்தெடுத்தமையும், அவற்றுக்கிடையே ஓர் உறவு இருக்கவேண்டும் என எண்ணியமையுமே கெப்ளரின் சாதனையில் அரைவாசிக்கு மேலானவை. அதற்கும் முன்னதாக, ரைக்கோ பிராகேயின் அவதானநிலையத்திலே பல ஆண்டுகள் இரவிரவாக நிகழ்ந்த அளவீட்டு உழைப்பு இருந்தது.

1986இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டொன் சுவான்சன் வேறொரு வழியைக் காட்டினார். விரல்களுக்குக் குருதி செல்வது குன்றும் றெயினோ நோய் பற்றிய கட்டுரைகளும், மீனெண்ணெய் குருதியில் ஏற்படுத்தும் மாற்றங்கள் பற்றிய கட்டுரைகளும் ஒன்றையொன்று அறியாமல் வேறுவேறு துறைகளிற் கிடந்தன. இரண்டையும் இணைத்து வாசித்த அவர், மீனெண்ணெய் அந்நோய்க்குப் பயன்படலாம் என்னும் கருதுகோளை முன்வைத்தார். பின்னர் நிகழ்ந்த மருத்துவப் பரிசோதனை அதற்குச் சார்பான முடிவைத் தந்தது. 2020இல் மசாச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தினர், ஏறத்தாழ 2,300 சேர்வைகளின் தாக்கத்தைப் பொறிக்குக் கற்பித்து, பல்லாயிரம் சேர்வைகளிடையே நுண்ணுயிர்க்கொல்லி ஆற்றலுடைய ஒன்றைத் தெரிவுசெய்தனர். ‘ஹலிசின்’ எனப் பெயர்பெற்ற அச்சேர்வை ஆய்வுகூடத்திலும் எலிகளிலும் சோதிக்கப்பட்ட பின்னரே கண்டுபிடிப்பு எனப்பட்டது.

புரதங்களின் முப்பரிமாண வடிவத்தை எதிர்வுகூறும் ‘அல்பாபோல்ட்’ இவை யாவற்றிலும் பெரிய வெற்றி. அதனை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜோன் ஜம்பர் ஆகியோர் 2024ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபெல் பரிசில் பங்கு பெற்றனர். எனினும், 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலே ஜி. என். இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோர் புரதச் சங்கிலி எவ்வெக் கோணங்களில் திரும்பலாம் என வரையறுத்துக் காட்டிய வரைபடத்தையும், 1971 முதல் உலகெங்கணுமுள்ள ஆய்வாளர் தம் முடிவுகளைப் பொதுவிலே சேர்த்துவைத்த புரதத் தரவு வங்கியையும் விடுத்து அவ்வெற்றியை விளங்கிக்கொள்ள இயலாது. அரைநூற்றாண்டுக் கூட்டுழைப்பு பொதுச்சொத்தாக இருந்தமையாலேயே பொறி கற்க முடிந்தது.

இவ்வுதாரணங்கள் தரும் பொதுமுடிவு ஒன்றுண்டு. பொறி வெற்றிபெற்ற இடங்களிலெல்லாம் மூன்று நிபந்தனைகள் நிறைவேறியிருந்தன. பொருத்தமான வினாக்கள் நிரல்களாக அமைந்திருந்தன. தரவு நேர்மையான நீண்ட உழைப்பினாற் திரட்டப்பட்டிருந்தது. பொறி கூறியது அட்டவணைக்கு வெளியேயுள்ள உலகிற் சோதிக்கப்பட்டது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் எஞ்சுவது கண்டுபிடிப்பன்று, வகைப்படுத்தலே.

3

இனி, சிறுநீரக நோய்பற்றிய இயந்திரக் கற்றல் ஆய்வுகளுக்கு வருவோம். இத்துறையில் உலகெங்கும் மிகுதியாக எடுத்தாளப்படும் அட்டவணைகளுள் ஒன்று தமிழ்நாட்டிலிருந்து சென்றது. காரைக்குடியிலுள்ள அப்பல்லோ மருத்துவமனையில் ஏறத்தாழ இரண்டு மாதங்களிற் திரட்டப்பட்டு, 2015இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஏர்வைன் வளாகத் தரவுக் களஞ்சியத்திற் சேர்க்கப்பட்ட அது, 400 பேரைப்பற்றிய 24 விடயங்களைக் கொண்டது. அவர்களுள் 250 பேர் நோயாளர். 150 பேர் நோயற்றவர். அதனைத் தொகுத்துப் பொதுவில் வழங்கியோர் நன்றிக்குரியவர்கள். நமது விமர்சனம் அவர்களைப் பற்றியதன்று. அதனைக்கொண்டு எழுதப்பட்டு, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதும் நூறும் திருத்தம் எனப் பறைசாற்றும் எண்ணிறந்த கட்டுரைகளைப் பற்றியது.

அத்திருத்தத்தின் பொருள் யாது? நாட்பட்ட சிறுநீரக நோய் என்பதன் மருத்துவ வரையறையே, சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகம் குறைதல் அல்லது சிறுநீரில் அல்புமின் வெளிப்படுதல் போன்ற சேதக்குறிகள் மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தல் என்பதாகும். வடிகட்டும் வேகம் குருதியிலுள்ள கிரியேற்றினினைக் கொண்டு கணிக்கப்படுகின்றது. காரைக்குடி அட்டவணையிலே குருதிக் கிரியேற்றினின் ஒரு நிரல்; அல்புமின் இன்னொரு நிரல். அதாவது, விடையை நிர்ணயிக்கும் அளவைகளையே வினாத்தாளில் எழுதிக் கொடுத்து விடையைக் கேட்கிறோம். பொறி மீட்டுத் தருவது நாம் ஏற்கெனவே அறிந்த வரையறையையே. அன்றியும், மூன்று மாத நீட்சி என்பது வரையறையின் உயிர்நிலையாயிருக்க, ஒருவருக்கு ஒருமுறை எடுத்த அளவுகளே அட்டவணையிலுள்ளன.

இதனினும் நுணுகி நோக்கவேண்டிய செய்தி ஒன்றுளது. 400 நிரைகளுள் எல்லாக் கட்டங்களும் நிரம்பியவை 158 மட்டுமே. அவற்றுள் நோயற்றவரின் நிரைகள் 115; நோயாளரின் நிரைகள் 43. எனவே, குருதியையும் சிறுநீரையும் பற்றி எதுவுமே அறியாத ஒருவர், ‘வெற்றுக் கட்டம் உள்ளவர் நோயாளி, இல்லாதவர் நலமுடையவர்’ என்ற விதியை மட்டும் கைக்கொண்டால், 207 நோயாளரையும் 115 நோயற்றவரையும் சரியாக இனங்காண்பார். 400இல் 322, நூற்றுக்கு எண்பதுக்கு மேல். வெற்றிடத்தை எண்ணியதாற் கிடைத்த இத்திருத்தம் சிறுநீரகத்தைப் பற்றி எதனையும் கூறவில்லை; பதிவு நிகழ்ந்த முறையையே கூறுகின்றது. வெற்றிடங்களைச் செயற்கையாக நிரப்பிவிட்டு மேற்செல்லும் ஆய்வுகள், தமது பொறி எதனைக் கற்றது என்று கேட்பதற்கான வாய்ப்பையே இழந்துவிடுகின்றன.

இத்தகைய பொறியை ஓமந்தைக்குக் கொணர்ந்தால் என்னாகும்? அது கற்ற 24 விடயங்களுள் நீரிழிவு, உயர் குருதியமுக்கம் ஆகியனவும் உள. உலர்வலய நோயோ அவ்விரண்டினாலும் விளக்கமுடியாதது என்பதனாலேயே ‘காரணம் துலங்காதது’ எனப் பெயர் பெற்றது. அதன் தொடக்கநிலையில் அல்புமின் மிகச் சிறிதளவே வெளிப்படும். சில வேளைகளில் வெளிப்படுவதேயில்லை. ஆகவே, காரைக்குடியிலே நூற்றுக்கு நூறு பெற்ற பொறி, இன்னும் காப்பாற்றக்கூடிய நிலையிலுள்ள வன்னிக் கமக்காரரை நலமுடையவர் எனச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடலாம். ஓரிடத்துத் திருத்தம் மற்றோரிடத்துப் பிழையாக மாறுவது இவ்வாறே.

மேலும், அந்த 24 விடயங்களுள் ஒருவர் எங்கு வாழ்கிறார், எந்த நீரைக் குடிக்கிறார், என்ன தொழில் செய்கிறார், வெயிலில் எத்தனை மணிநேரம் நிற்கிறார் என்னும் வினாக்கள் ஒன்றேனும் இல்லை. மருத்துவமனை, நோயாளியை உடலாகவே சந்திக்கின்றது, உழைப்பாளியாகச் சந்திப்பதில்லை. நோயை அறிந்துகொள்ள அதுவே போதுமானதாயிருக்கலாம். நோயின் காரணத்தை அறிய அது போதாது. கேட்கப்படாத வினாவிற்கு எந்தப் பொறியும் விடை தருவதில்லை.

4

அவ்வாறாயின், தொழிலையும் நீரையும் பற்றிய நிரல்களைச் சேர்த்துவிட்டாற் போதுமா? சிக்கல் அங்கும் முடிவதில்லை. உலக சுகாதார நிறுவனமும் இலங்கைச் சுகாதார அமைச்சும் இணைந்து மேற்கொண்டு 2013இல் வெளியான ஆய்வு, நோயாளரின் சிறுநீரிற் கட்மியச் செறிவு உயர்ந்திருந்தமையை எடுத்துக்காட்டியது. நிலத்தடி நீரின் வன்மையையும் புளோரைட்டையும் முதன்மைப்படுத்தினர் வேறு சிலர். மத்திய அமெரிக்கக் கரும்புத் தொழிலாளரிடையே பரவிய ஒத்த நோயை நோக்கியோர், கடும் வெப்பத்தில் நீரிழந்து உழைத்தலே மூலகாரணம் என்றனர். ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும் இவ்விவாதம் தொடர்கின்றது. முல்லைத்தீவு மாவட்டத்துத் துணுக்காய்ப் பிரிவின் நீர்த்தரத்தையும் இந்நோயையும் தொடர்புபடுத்தி நோக்கிய ஆய்வொன்று 2020இல் வெளிவந்தது.

இவற்றுள் எது சரி எனத் தரவகழ்வு தீர்த்துவைக்கும் என எதிர்பார்ப்போர் ஓர் அடிப்படை உண்மையை மறந்துவிடுகின்றனர். உலர்வலயக் கிராமத்திலே வன்னீரும், களைநாசினியும், கொளுத்தும் வெயிலும், வறுமையும் ஒரே மனிதர்மீது ஒருங்கே வந்து விழுகின்றன. ஒன்று உள்ள இடத்தில் மற்றவையும் உள. அத்தகைய அட்டவணையைப் பொறியிடம் கொடுத்தால், அது ஏதேனும் ஒரு நிரலைத் தெரிந்து ‘இதுவே முதன்மையானது’ எனக் கூறும். நிரைகளைச் சிறிது மாற்றிக் கொடுத்தால் வேறொன்றைக் கூறும். சேர்ந்தே நிற்பவற்றைப் பிரித்தறியப் பெருந்தரவு உதவாது. பொருத்தமான ஒப்பீடே உதவும். யாழ்ப்பாணக் குடாநாட்டு நீரும் வன்மையானது. அங்கும் விவசாய இரசாயனங்கள் தாராளமாகப் பாவிக்கப்படுகின்றன. ஆயினும் வடமத்திய மாகாணத்தில் நிகழ்ந்ததுபோன்று இந்நோய் அங்கே கொள்ளைநோயாகப் பேசப்பட்டதில்லை. குடாநாட்டின் நீர் சுண்ணக்கற் பாறையிலிருந்தும், வன்னியின் நீர் பளிங்குருப் பாறைப் பிளவுகளிலிருந்தும் வருவது. நீரின் வன்மை என ஒரே எண்ணாற் குறித்தாலும், கல்சியத்தால் வருவதும் மகனீசியத்தால் வருவதும் ஒன்றல்ல. ஓமந்தைக் கிணற்றையும் கோப்பாய்க் கிணற்றையும் அருகருகே வைத்து நோக்கும் ஆய்வுமனம் பொறிக்கு வெளியேயிருந்தே வரவேண்டும்.

அட்டவணைத் தொடர்பைக் காரணமாகக் கொள்ளும் அவசரம் சமூகத்திற்கு விளைவிக்கும் குழப்பத்தைக் கிளைபோசேற் வரலாறு காட்டுகின்றது. அக்களைநாசினி வன்னீரிலுள்ள உலோகங்களுடன் சேர்ந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்னும் கருதுகோள் 2014இல் முன்வைக்கப்பட்டது. கருதுகோள் என்ற வகையில் அது மதிக்கத்தக்கதே. ஆனால் 2015இல் அரசு அதனை நாடளாவத் தடைசெய்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடையைத் தளர்த்தியது. 2022இல் தடையை நீக்கியது. தடை விதிக்கப்பட்டபோதும் காரணம் நிறுவப்படவில்லை. நீக்கப்பட்டபோதும் அவ்விரசாயனம் குற்றமற்றது என நிறுவப்படவில்லை. இரண்டு தடவையும் தீர்மானித்தது அரசியல், அலைக்கழிந்தது கமக்காரர்.

5

வன்னியைப் பொறுத்தவரை இன்னொரு பிரச்சினை தனித்து நோக்கத்தக்கது. ஓமந்தை என்னும் பெயர் இலங்கைத் தமிழர் நினைவிற் பதிந்தது அதன் வயல்களால் மட்டுமன்று. போர்க்காலத்தில் அது சோதனைச் சாவடியாய் விளங்கியது. 2009இல் போர்முனையிலிருந்து வெளியேறிய பெருந்தொகையான மக்கள் அங்கே பதிவு செய்யப்பட்டுச் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். மனிதர் அட்டவணையின் நிரையாக மாறுவது என்னவென்பதை இம்மண் அறியும். பதிவு என்பது அறிவதற்காகவும் நிகழலாம், ஆள்வதற்காகவும் நிகழலாம் என்பதும் இம்மண் அறிந்த பாடமே.

இவ்வரலாறு ஆய்வுமுறையையே நேரடியாகப் பாதிப்பது. நாட்பட்ட சிறுநீரக நோய் பல்லாண்டுகளில் முதிர்வது. எனவே ஒருவர் இன்று குடிக்கும் நீரன்று, பத்தும் இருபதும் ஆண்டுகளாகக் குடித்த நீரே ஆராயத்தக்கது. மதவாச்சிக் கமக்காரருக்கு ‘வசிப்பிடம்’ என்னும் நிரல் அவ்வரலாற்றை ஓரளவு சுட்டக்கூடும். வன்னிக் கமக்காரருக்கோ அது பொய்ச்சாட்சி. ஓமந்தையில் இன்று வாழும் ஒருவர் மல்லாவியில் சில ஆண்டுகள், புதுக்குடியிருப்பில் சில ஆண்டுகள், முகாமிலே சில மாதங்கள் எனப் பல கிணறுகளின் நீரைக் குடித்தவராயிருக்கலாம். அவரது முகவரியைக் கொண்டு அவரது நீரை ஊகிக்கும் பொறி, அவருடைய இடப்பெயர்வை அட்டவணையிலிருந்து துடைத்துவிடுகின்றது.

அத்துடன், போராண்டுகளில் வன்னியின் பெரும்பகுதியிலே ஒழுங்கான நோய்ப் பரிசோதனை நிகழ வாய்ப்பிருக்கவில்லை. பரிசோதனை நிகழாத இடத்தில் நோயாளர் பதிவாவதில்லை. பதிவாகாத இடம் வரைபடத்திலே வெண்மையாகத் தெரிகின்றது. வெண்மை ‘நோயில்லை’ என வாசிக்கப்படுகின்றது. காரைக்குடி அட்டவணையில் வெற்றுக் கட்டம் நோயைக் காட்டிக்கொடுத்தது. வன்னியில் வெற்றுக் கட்டம் நோயை மறைக்கின்றது. இரண்டிடத்திலும் வெற்றிடம் இயற்கையின் கூற்றன்று. சமூக நிலைமைகளின் கூற்று. இவ்வேறுபாட்டை எண்களிலிருந்து பொறி உய்த்துணர இயலாது. வரலாறு அறிந்தவரே அதனை எடுத்துரைக்க வேண்டும்.

6

இவ்வாறு கூறுவதனால் இயந்திரக் கற்றல் பயனற்றது என முடிவுசெய்தல் தவறாகும். காரணம் தெரியாவிடினும் நோயை முற்கூட்டியே அறிந்தால் உயிர் காக்கலாமே என ஒருவர் வாதிக்கலாம். அவ்வாதம் நியாயமானது. குறைந்த செலவிலான சில பரிசோதனைகளைக் கொண்டு, மேலதிகச் சோதனைக்கு எவரை முதலில் அனுப்புவது எனத் தெரிவதற்குப் பொறி உதவுமாயின் அது பெரும்பயனே. ஆனால் அப்பயன் உண்மையானதா என அறியும் சோதனை எளிது. பொறியைச் சில கிராமங்களின் தரவிற் கற்பித்து, அது ஒருபோதும் காணாத கிராமமொன்றிற் பரீட்சிக்க வேண்டும். ஒரே அட்டவணையை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியிற் கற்று மறு பாதியிற் சோதிப்பது, படித்த வகுப்பறையிலேயே பரீட்சை எழுதுவதை ஒக்கும். காணாத ஊரிலே தேறுவதே கற்றதன் அடையாளம்.

காரணத்தைத் தேடுவோருக்கு வேண்டியது வேறு. ஒவ்வொருவரும் எந்தெந்த ஊரில், எந்தெந்தக் கிணற்றில், எத்தனை ஆண்டுகள் நீர் குடித்தார். மருந்து தெளித்தவர் தாமா பிறரா. பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் வெயிலில் நின்ற நேரம் எவ்வளவு. வடிகட்டிய நீரை எப்போது குடிக்கத் தொடங்கினார். எத்தனை தடவை இடம்பெயர்ந்தார். இவை யாவும் தமிழிலே, கமக்காரரின் சொற்களிலே கேட்கப்படவேண்டிய வினாக்கள். இவற்றை மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்து அகழ்ந்தெடுக்க இயலாது. வீடுவீடாகச் சென்று, ஆண்டுதோறும் மீண்டும் சென்று, கேட்டே பெறவேண்டும். வவுனியாவுக்கு அண்மையில் பம்பைமடுவிலே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாயிருந்து 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. ஓமந்தைக் கிணறுகள் அதன் அயலிலேயே உள்ளன. கணினி மாணவரும் சமூகவியல் மாணவரும் மருத்துவரும் ஒரே வினாக்கொத்தை வரைய உட்காரும் நாளிலேயே இத்துறையில் உண்மையான கண்டுபிடிப்புக்கு வழி பிறக்கும்.

அவ்வாறு திரட்டப்படும் தரவு எவருக்கு உரியது என்பதும் தீர்க்கப்படவேண்டியது. புரதத் தரவு வங்கி பொதுச்சொத்தாயிருந்தமை அறிவை வளர்த்தது. ஆனால் புரதத்திற்கு அந்தரங்கம் இல்லை, மனிதருக்கு உண்டு. பெயரும் அடையாளமும் நீக்கப்பட்ட தரவு ஆய்வுலகிற்குப் பொதுவாதல் வேண்டும். அதேவேளை ஆய்வின் முடிவு, தரவைத் தந்த ஊருக்கு அதன் மொழியிலே திரும்பிவருதல் வேண்டும். குருதியையும் சிறுநீரையும் கொடுத்த கமக்காரர், தம் கிணற்று நீரைக் குடிக்கலாமா கூடாதா என்னும் விடையைப் பெறாதவிடத்து, அவ்வாய்வு எத்தனை நூற்றுவீதத் திருத்தம் பெற்றாலும் அவரிடமிருந்து எடுத்துச்செல்லப்பட்ட உழைப்பாகவே எஞ்சும்.

பொறி விதியைத் தேடித் தரலாம். தேடவேண்டியது எது என்பதையும், வெற்றிடத்தின் பொருள் யாது என்பதையும், கண்டது உண்மைதானா என்பதையும் தீர்மானிப்போர் மனிதரே. வன்னியிலே அம்மனிதருள் முதலிடம் பெறவேண்டியவர், இதுவரை அட்டவணையின் நிரையாக மட்டுமே இருந்துவந்த கமக்காரர் என்பதே இக்கட்டுரையின் துணிபாகும்.